ஒவ்வொருவராக வரச் சொன்னார்கள்

கல்முனையில் ஒரு தனியார் கல்லூரியில் ஆறு வருடமாக முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். அங்கே விரிவுரையாளர்கள் பதினொரு பேர். ஒருவரிடமும் நியமனக் கடிதம் இல்லை. ஆங்கிலம் படிப்பிக்கும் மிஸ் பிரசவத்துக்குப் போய்த் திரும்பும் வரை அது எங்களுக்கு உறைக்கவில்லை.

பாண்டிருப்பிலிருந்து வருகிறவர் அவர். மூன்று மாதம் கழித்து வந்தபோது நேர அட்டவணையில் அவருக்கு ஒரு வகுப்பும் இல்லை. "நீங்க வருகை விரிவுரையாளர்தானே மிஸ்" என்றார்களாம் அலுவலகத்தில். நேரே எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

எல்லோருக்கும் நியமனக் கடிதம், பிரசவ விடுமுறை, அட்டவணையை மாற்றுமுன் எங்களோடு பேச வேண்டும். பதினொரு பேரும் ஒப்பமிட்டோம். மறுநாளே கல்லூரிப் பணிப்பாளரின் பதில் வந்தது: ஒவ்வொருவராக வரவும்.

போனவர்கள் ஆளுக்கொரு சலுகையோடு திரும்பி வந்தார்கள். "எனக்குச் சனிக்கிழமை லீவு தாறாராம் சேர், இனி என்னத்துக்குச் சண்டை?" என்றார் கணினி விரிவுரையாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரக் கடைசியில் மிஞ்சியது ஐந்து பேர். நாங்கள் சேர்ந்தே போனோம்.

"நாம ஒரு குடும்பம். குடும்பத்துக்குள்ள சங்கம் என்னத்துக்கு?" என்றார் பணிப்பாளர்.

"குடும்பமெண்டா பிள்ளை பெத்தவளை வெளிய விடுவாங்களா சேர்?" என்று மிஸ் கேட்டார். பணிப்பாளர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழில் அலுவலகத்துக்குப் போனோம். ஏழு பேர் இருந்தால் தொழிற்சங்கம் பதியலாம் என்று அங்கிருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். பிறகு, "நியமனக் கடிதக் கொப்பி கொண்டு வந்தீங்களா?" என்றார்.

"அது இல்லாததாலதான் வந்திருக்கிறம்" என்றேன்.

இன்னும் இரண்டு பேர் வேண்டும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கணினி விரிவுரையாளரின் சாய்ந்தமருது வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். நான் சொன்னதற்கெல்லாம் "ஓம் ஓம், நியாயம்தான்" என்றார். சங்கத்துக்கான தாளில் ஒப்பம் மட்டும் வைக்கவில்லை.

அடுத்த மாதம் புதிய மாணவர்கள் சேர்ந்தார்கள். அவருடைய சனிக்கிழமை லீவு, கேட்காமலே போய்விட்டது. இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அந்தத் தாள் இன்னும் இரிக்கா சேர்?"

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. தனக்கு வலித்தால்தான் இந்த மனிதருக்கு நியாயம் தெரியுமா?

சங்கம் பதிந்தோம். இப்போது பணிப்பாளர் ஏழு பேரையும் ஒன்றாகவே சந்திக்கிறார். மிஸ்ஸுக்கு இரண்டு வகுப்புகள் திரும்பக் கிடைத்தன. முன்பு நான்கு இருந்தன. நியமனக் கடிதங்கள் தட்டச்சில் இருக்கின்றனவாம். ஒரு பக்கக் கடிதத்தைத் தட்ட எத்தனை மாதம் வேண்டும் என்று போன கூட்டத்தில் மிஸ் கேட்டார். நல்ல கேள்வி என்று பணிப்பாளர் குறித்துக்கொண்டார்.