பக்கத்து வீட்டுப் பீட்டர்

தனப்பிரியாவின் பக்கத்து வீட்டில் பீட்டர் என்று யாரும் இல்லை. ஜேடர்பாளையத்தில் அவள் வீட்டுக்கு ஒரு பக்கம் வாழைத்தோப்பு, மறுபக்கம் கோழித் தீவனக் கிடங்கு. இருந்தும் அந்த இல்லாத மனிதரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி எழுதியே அவளுக்குக் கை ஓய்ந்து போனது.

அவள் அப்பா மயில்சாமிக்கு ஆழ்துளைக் கிணறு துளைக்கும் ரிக் வண்டி. வருடத்தில் பாதி நாள் மத்தியப் பிரதேசத்தில் எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார். வேளாண் கல்லூரியில் பட்டம் வாங்கிய மகளுக்கு நிலத்தடி நீரைப் பற்றி மேலே படிக்க ஆசை. அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் அவளோடு காணொளியில் பேசிப் பார்த்துவிட்டு, நுழைவுத் தேர்வின் கட்டுரைப் பகுதியில் நல்ல மதிப்பெண் எடுத்து வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டுரையில்தான் உதறல். தான் எழுதுவது உருப்படியா இல்லையா என்று யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

அதற்காகத்தான் நாமக்கல்லில் டயர் கடைக்கு மேலே இருந்த ஆனந்தகுமார் சாரின் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள்.

ஆனந்தகுமார் அதற்கு முன் விடுதிப் பள்ளி ஒன்றில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். அந்த மாதிரிப் பள்ளிகளில் விடை என்பது யோசித்து எழுதுவது அல்ல. புத்தகத்தில் இருப்பதைக் கமா பிசகாமல் இறக்கி வைப்பது. பிசகினால் பத்துத் தடவை எழுது. மறுபடியும் பிசகினால் இன்னொரு பத்து. பிள்ளைகள் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், பெற்றவர்கள் கும்பிட்டார்கள். அதே வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து அமெரிக்கத் தேர்வுக்கும் நிறுத்திவிட்டார் மனிதர்.

அவர் கண்டுபிடித்த சரக்குதான் பீட்டர். பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரர். அடுப்பு வெடித்துக் கடை எரிந்துபோனது, மூன்று முறை நொடித்தார், நான்காம் முறை நிமிர்ந்தார். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் பீட்டர் வந்து நிற்பார். தலைவனுக்கு என்ன தகுதி வேண்டும்? பீட்டரைப் பாருங்கள். தொழில்நுட்பம் மனிதனைச் சோம்பேறியாக்குமா? பீட்டர் புது அடுப்பு வாங்கினார். கலைகளை அரசு ஆதரிக்க வேண்டுமா? அதற்கும் அந்தப் புண்ணியவான் தன் கடைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். வகுப்பு தொடங்கும்போது சார் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். பிள்ளைகள் எழுந்து நின்று பீட்டரின் சரித்திரத்தை ஒரே குரலில் ஒப்பிப்பார்கள்.

முடிவு தெரியாத ஆராய்ச்சிக்கு அரசு பணம் போடலாமா என்று ஒரு வாரம் தலைப்பு வந்தது. தனப்பிரியாவுக்கு அப்பாவின் வண்டி நினைவுக்கு வந்தது. துளைப்பதற்கு முன்னால் தண்ணீர் இருக்கிறதென்று எந்தக் கொம்பனாலும் அடித்துச் சொல்ல முடியாது. துளைத்துத்தான் பார்க்க வேண்டும். பொய்த்த குழியும் அடியில் இருக்கிற பாறையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுத்தான் பொய்க்கிறது என்று மூச்சுவிடாமல் நான்கு பக்கம் எழுதினாள். எழுதி முடித்ததும் அதைத் தானே ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. நான்கு பக்கத்திலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. கீழே, ‘பீட்டர் எங்கே? பத்துத் தடவை எழுதவும்.’

பெரிய படிப்பு படித்தவர், ஆயிரம் கட்டுரை பார்த்தவர், அவரே அடித்துவிட்டார் என்றால் தனக்கு எழுத வரவில்லை என்றுதான் அர்த்தம் என்று அவள் நம்பினாள். அன்று பீட்டரைப் பத்துத் தடவை எழுதினாள். தேர்விலும் பீட்டரையே எழுதிவிட்டு வந்தாள்.

தேர்வு நடத்துகிறவர்கள் என்ன மடையர்களா? உன் கட்டுரை மற்றவர்கள் எழுதியதோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது, எனவே மதிப்பெண் ரத்து என்று செய்தி வந்தது. மறுபடி எழுத ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதற்குள் இந்த வருடத்துப் பல்கலைக்கழக விண்ணப்பம் மூடிவிடும்.

அம்மா கண்ணாத்தாள் சாருக்குப் போன் போட்டாள். அவர் அசராமல் சொன்னார்: “உங்க புள்ள பக்கத்துச் சீட்டுப் புள்ளையப் பாத்து எழுதிப்போட்டாளுங்க. எனக்கே சங்கட்டமாப் போச்சு.”

அதோடு கண்ணாத்தாள் மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். “நான் பாத்து எழுதலீங்மா” என்று தனப்பிரியா எத்தனை முறை சொன்னாலும், “சார் பொய் சொல்லுவாரா?” என்ற ஒரே பதில்தான். திருடாமலே திருடிப் பட்டம் சுமக்கிற எரிச்சலைச் சொல்லி மாளாது.

இரண்டு நாள் கழித்து அபிநயா கூப்பிட்டாள். குமாரபாளையத்துக்காரி, அதே மையத்தில் படித்தவள், அதே நாளில் பக்கத்து இருக்கையில் தேர்வெழுதியவள். எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தாள். “ஏம்புள்ள, நீ என்னையப் பாத்து எழுதிப்போட்டு, நான் உன்னையப் பாத்து எழுதுனேன்னு சார்கிட்டச் சொன்னியா? எங்கப்பா என்னைய அடிக்கக் கை ஓங்கிட்டாரு!”

“உன்ற ஊட்லயும் அப்படித்தான் சொன்னாரா?” என்று கேட்டாள் தனப்பிரியா.

அபிநயாவுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் கண்ணாத்தாளும் மையத்துக்குப் போனார்கள். கண்ணாத்தாள் வந்தது சாரிடம் மகளுக்காக மன்னிப்புக் கேட்க. புது வகுப்பின் பெற்றோர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முன்னால், பெற்றவர்கள் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில். சார் சிரித்த முகத்தோடு, “வாங்கம்மிணி, சித்த உக்காருங்க” என்றார்.

தனப்பிரியா உட்காரவில்லை. நேரே போய் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

பழக்கிய பிள்ளைகள்! சடாரென்று எழுந்து நின்று, என் பக்கத்து வீட்டில் பீட்டர் என்றொரு ரொட்டிக்கடைக்காரர் இருந்தார் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, அடுப்பு வெடித்து, கடை எரிந்து, நான்காம் முறை நிமிர்கிற வரைக்கும் ஒரே மூச்சில் முழங்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

கண்ணாத்தாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இத்தனை வாய் ஒன்றையே சொல்வது புரியாமல் போகுமா? “ஏனுங் சார்,” என்றாள். “எம்பட புள்ளையத் திருடின்னு சொன்னீங்களே, இத்தன புள்ளைங்களும் ஒரே பாட்டப் பாடுதுங்களே, இதுல ஆருங்க திருடி? நானும் உங்க பேச்சக் கேட்டுக்கிட்டு, பெத்த புள்ளைகிட்ட மூஞ்சி குடுக்காம இருந்தேனே!”

இனி மனிதர் தப்ப முடியாது என்று தனப்பிரியா நினைத்தாள். ஆனால் சுவரோரம் ஒரு அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு, “பாத்தீங்களா, சேந்து ஒரு மாசங்கூட ஆகல, எம்பையன் எப்படிச் சொல்றான்!” என்றார். அடுத்த நாற்காலியில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

தனப்பிரியாவுக்கு அந்தக் கூடத்தையே கொளுத்திவிடலாம் போல் இருந்தது. பையிலிருந்து அந்த நான்கு பக்கத்தை எடுத்து அவர் முன்னால் எறிந்தாள். “இதுல என்ன தப்புன்னு அடிச்சீங்க சார்? ஒரே ஒரு தப்புச் சொல்லுங்க. நான் போயிடறேன்.”

ஆனந்தகுமார் தாளைப் புரட்டினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலூட்டியது. “என்னம்மிணி புரியாமப் பேசற? வாரம் நூறு பேப்பர் வருது. எல்லாத்தையும் உக்காந்து படிச்சுட்டிருக்க முடியுமா? பீட்டர் இருக்குதான்னு பாப்பேன். இருந்தா டிக். இல்லீன்னா அடி.”

அவர் அதைப் படிக்கவே இல்லை. தனக்கு எழுத வராது என்று இத்தனை நாள் அவள் மனதுக்குள் புழுங்கியது, படிக்காத ஒரு மனிதரின் கைப்பழக்கத்துக்காக. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, தாளைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

பேருந்து நிலையத்தில் கண்ணாத்தாள் மகளின் கையை விடவே இல்லை. அபிநயா மட்டும், “குடு அதை” என்று தாளை வாங்கிக்கொண்டாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் கிடந்த எழுத்தை, தூணில் சாய்ந்து நின்று, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். குமாரபாளையம் பேருந்து வந்து நின்று, ஆள் ஏற்றி, போய்விட்டது. அவள் நிமிரவில்லை. தனப்பிரியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசிப் பக்கத்தை மடித்துவிட்டு அபிநயா சொன்னாள்: “முதல் ரெண்டு பக்கம் நல்லாருக்குது புள்ள. மூணாம் பக்கத்துல சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டிருக்கற. எனக்குக் கொட்டாவி வந்துருச்சு.”

தனப்பிரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கொட்டாவியா? எந்த வரியில? காட்டு” என்று தாளை இழுத்துப் பிரித்தாள்.