ஒரு கேபிளுக்காக நான் கேட்ட துஆ

ஒரு கம்ப்யூட்டர் திரையில் படம் வரவில்லை என்பதற்காக நான் ஸஜ்தாவில் விழுந்து அழுதிருக்கிறேன். கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். இதற்கெல்லாமா துஆ என்று தோன்றலாம். முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், சகோதரிகளே.

என் பெயர் ஷமீமா. வீடு பாலக்கரையில். என் கணவர் சாதிக் பதினாறு வருடம் சவூதியில் கிரேன் ஓட்டியவர். நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. அப்படித்தான் அந்த நரம்பு நோய் ஆரம்பித்தது. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு. போன வருடம் பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. இன்றும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அவரோடு சவூதியில் வேலை பார்த்த நண்பர்கள் ஒரு லேப்டாப்பும் ஒரு பெரிய மானிட்டரும் வாங்கிக் கொடுத்தார்கள். கட்டிலுக்கு மேலே, அவர் படுத்தபடியே பார்க்கிற மாதிரி, ஓர் இரும்புக் கையில் மானிட்டரை மாட்டினோம். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசையாக வெளிச்சம் நகரும். வேண்டிய இடம் வந்ததும் அவர் வலது கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்துவார். அந்த ஒரு விரலில்தான் உயிர் மிச்சம் இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும். ஆனாலும் அது அவர் பேச்சு.

ரமலானுக்கு முந்தின மாதம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "இவருக்கு விழுங்குறது ரொம்பக் கஷ்டமாயிடுச்சும்மா. வயித்துல சின்னதா ஒரு குழாய் வச்சு அது வழியா சாப்பாடு குடுக்கலாம். ஆனா தள்ளிப்போட முடியாது. மூச்சு இன்னும் பலவீனமாயிட்டா அப்புறம் செய்யவே முடியாது. வெள்ளிக்கிழமை காலையில முடிவு சொல்லுங்க. முடிவு அவரோடதா இருக்கணும்."

என் கணவரின் அண்ணனுக்கு அதில் விருப்பம் இல்லை. நல்ல மனிதர். தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர். பெரிய மச்சான் என்றுதான் நான் கூப்பிடுவேன். "ஏற்கனவே இவ்வளவு வேதனைப்படுறான். வயித்தையும் கிழிக்கணுமாம்மா? சாப்பாடு வேணாம்னு அவனே வாயை மூடிக்கிறான். விட்டுருவோம்" என்றார்.

அது உண்மைதான். மூன்று கரண்டிக் கஞ்சி போனதும் அவர் உதட்டை மூடிக்கொள்வார். போதுமா என்று கேட்டால் கண்ணைச் சிமிட்டுவார். எனக்கும் அவருக்கு வாழ்க்கை வெறுத்துப் போய்விட்டதோ என்ற பயம் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் வீட்டில் கூடுவது, அவரே எழுதிச் சொல்லட்டும் என்று பேசி முடித்தோம்.

அந்த வியாழக்கிழமை காலையில் லேப்டாப்பைப் போட்டேன். மேலே மானிட்டர் கறுப்பாக இருந்தது. 'சிக்னல் இல்லை' என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் அங்கும் இங்கும் மிதந்துகொண்டிருந்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டர் என்றாலே தொடப் பயம். ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். சவூதியில் இருக்கும் அவருடைய நண்பர் இக்பாலுக்குப் போன் செய்தேன். அவர்தான் இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவர். அவர் சொன்ன பட்டன்களை எல்லாம் அழுத்தினேன். லேப்டாப்பை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். "இன்னொரு திரை இருக்குறதே அதுக்குத் தெரியலையே அண்ணி. எதுக்கும் கடையில காட்டுங்க, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்று அவர் வைத்துவிட்டார்.

லேப்டாப்பையே அவர் முன்னால் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கழுத்து தாங்கவில்லை. எழுத்து சிறிதாக இருந்ததால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கட்டைவிரல் தவறித் தவறி அழுத்தியது. நிறுத்திவிட்டேன்.

பெரிய மச்சானுக்குப் போன் செய்து, கண் சிமிட்டலை வைத்துக் கேட்கலாமா என்றேன். "இமையே இப்ப சரியா மூடுறதில்ல. தானா மூடுதா, சம்மதம்னு மூடுதான்னு யாரும்மா சொல்றது? விரலை அசைக்கச் சொன்னாலும் இதே சந்தேகந்தான், அவனே எழுதட்டும்." என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

என் அம்மாவைக் கணவருக்குத் துணையாக வைத்துவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் தில்லை நகருக்குப் போனேன். கடைக்காரர் தன்னுடைய மானிட்டரில் தன்னுடைய கேபிளைச் சொருகினார். பளிச்சென்று படம் வந்தது. "லேப்டாப் நல்லா இருக்கும்மா. உங்க மானிட்டர்தான் போயிருக்கும். கழட்டிக் கொண்டாங்க, ரெண்டு நாள் ஆகும்" என்றார். எனக்கு இருந்தது நான்கு மணி நேரம்.

வீட்டுக்கு வந்தபோது லுஹர் நேரம். தொழுதேன். பிறகு தேவையைக் கேட்டுத் தொழும் ஹாஜத் தொழுகை இரண்டு ரக்அத் தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டதும் அழுகை வெடித்துவிட்டது. யா அல்லாஹ், அவர் கையை வாங்கிக்கொண்டாய், காலை வாங்கிக்கொண்டாய், நாக்கை வாங்கிக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று ஒரு நாள் அவர் பேசட்டும். எனக்கு இதில் அறிவு இல்லை. அறிவு உன்னுடையது. ஒரு துளி கொடு.

தொழுகை விரிப்பை மடிக்கும்போது, இதற்குள் திரை எரிந்திருக்கும் என்று உண்மையாகவே நம்பினேன். போய்ப் பார்த்தேன். கறுப்புதான்.

ஆனால் எனக்குள் ஒன்று மாறியிருந்தது. காலையிலிருந்து இருந்த படபடப்பு இல்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த மானிட்டரை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். அதன் அடியில் ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். வெளிச்சம், நிறம், மொழி என்று ஒரு பட்டியல் திரையில் அழகாக வந்தது. அட, இதற்குப் படம் காட்டத் தெரிகிறதே! அப்படியானால் மானிட்டர் சாகவில்லை. லேப்டாப்பும் சாகவில்லை என்று கடையில் என் கண்ணால் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தால் இடையில் இருப்பது என்ன? கேபிள்.

சிரிக்காதீர்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை அது ஏன் எரியவில்லை என்று நான் கேட்கவே இல்லை. எரியவில்லையே என்று புலம்பியதோடு சரி.

தெருமுனைக் கடைக்கு ஓடினேன். கேபிளைக் காட்டி இதே மாதிரி ஒன்று வாங்கி வந்து சொருகினேன்.

சிக்னல் இல்லை.

அப்போதுதான் மனம் உண்மையாகவே உடைந்தது. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருங்க, பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கேபிளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி வாய். ஒரே கறுப்பு நிறம். இரண்டும் போனை நன்றாகச் சார்ஜ் செய்தன. பிறகு ஏன் படம் வரவில்லை? கேபிளைக் கையில் சுற்றிப் பார்த்தேன். நூல் மாதிரி மெத்தென்று சுருண்டது.

தினமும் அதைத் துடைத்துச் சுற்றி வைப்பவள் நான். எங்கள் கேபிள் இப்படிச் சுருளாது. தடியாக, முரட்டுத்தனமாக, சுற்றினால் எழுந்து நிற்கும். அப்படியானால் என் மடியில் இருக்கும் பழையதும் எங்களுடையது இல்லை!

யாருடையது? நேற்று யார் இதைத் தொட்டார்கள்? புதன்கிழமை மாலை ஸ்ரீரங்கத்திலிருந்து வைதேகி வந்திருந்தாள். வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து அவருக்கு பிசியோதெரபி செய்கிற பெண். பயிற்சிக்காக மானிட்டரை ஒதுக்கும்போது கேபிளைக் கழற்றி, முடிந்ததும் அவளே திரும்பச் சொருகினாள். அதே மேஜையில் தன் போனையும் சார்ஜ் போட்டிருந்தாள். அதன் பிறகு அவர் களைத்துத் தூங்கிவிட்டார். நாங்கள் லேப்டாப்பைப் போடவே இல்லை.

போன் செய்தேன். "ஒரு நிமிஷம் இருங்கோ அக்கா" என்றாள். பை திறக்கும் சத்தம் கேட்டது. "பெருமாளே! தடியா ஒண்ணு இருக்கு. இது என்னோடது இல்லையே! நான் மாத்தி எடுத்துண்டு வந்துட்டேனா?"

அவள் உத்திர வீதியில் இன்னொரு நோயாளி வீட்டில் இருந்தாள். விட்டுவிட்டு வர முடியாது. நான் பர்தாவை மாட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. எனக்கு ஒரு வருடமாகத் தெரிந்தது.

வாசலிலேயே கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு பெரிய தப்பு பண்ணிட்டேன் அக்கா. சாதிக் சார் இன்னிக்கு பேச வேண்டிய நாளாச்சே. நேக்குத் தெரியுமே."

"தப்பில்லம்மா. நீ பத்திரமா வச்சிருந்ததே போதும்."

"நீங்க கிளம்புங்கோ. நான் ரங்கநாதர்கிட்ட வேண்டிக்கறேன்" என்றாள். இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஓடினேன்.

அஸர் பாங்கு சொல்லும்போது வீட்டுக்குள் நுழைந்தேன். பெரிய மச்சான் ஏற்கனவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிஸ்மி சொல்லிக் கேபிளைச் சொருகினேன். ஒரு விநாடி கறுப்பு. இரண்டு விநாடி. பிறகு எழுத்துகள் வரிசை வரிசையாக வந்து நின்றன. என் கணவரின் கண் அகலமானது. அம்மா "அல்லாஹு அக்பர்" என்று கத்தியேவிட்டார்கள்.

தொழுதுவிட்டு எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். டாக்டரிடம் காட்டுவதற்காக நான் போனில் வீடியோ எடுத்தேன். பெரிய மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விழுந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார்.

"எ... ன... எனக்கு... எனக்குப்... ப..."

வெளிச்சம் நகர்ந்தது. கட்டைவிரல் அழுத்தியது.

"எனக்குப் பசி..." பெரிய மச்சானால் மேலே படிக்க முடியவில்லை.

மிச்ச எழுத்துகள் விழுந்து முடிந்ததும் நான் படித்தேன். 'எனக்குப் பசிக்குது. ரொம்ப நாளா.'

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். பதில் வர வெகு நேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம். 'மூணு கரண்டிக்கே ஒரு மணி நேரம். உன் கை வலிக்கும்.'

சகோதரிகளே, நான் ஒவ்வொரு நாளும் போதுமா, போதுமா என்றுதான் கேட்டிருக்கிறேன். பசிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரிய மச்சான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டார். "பசிச்சுச்சாடா உனக்கு? இது தெரியாம நான் என்னடா பேசிக்கிட்டிருந்தேன்" என்று குழந்தை மாதிரி அழுதார். மூன்றாவதாக என் கணவர் எழுதியது இரண்டே சொல். 'குழாய் போடுங்க.'

மறுநாள் காலை டாக்டர் அந்த வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். அடுத்த வாரமே குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கையெழுத்துக்கெல்லாம் ஓடியாடியது பெரிய மச்சான்தான். ரமலான் முடிவதற்குள் என் கணவரின் கன்னத்தில் சதை வைத்தது. பெருநாளன்று பிரியாணிச் சட்டியைத் திறந்தபோது அவர் எழுதினார்: 'இந்தப் பக்கம் கொண்டாந்து வை. வாசனையாவது பாக்குறேன்.' வைதேகி அன்று வந்திருந்தாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் கண்ணால் சிரித்தார்.

நோய் போகவில்லை. போகும் என்று டாக்டர் சொல்லவும் இல்லை. அதற்கும் நான் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நான் மாறிவிட்டேன். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு கேபிளில் ஒன்றில் மட்டும் ஏன் படம் போகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. தில்லை நகர்க் கடைக்கே போய்க் கேட்டேன். அந்தக் கடைக்காரர் ஒரு கெட்டுப்போன கேபிளை வெட்டிக் காட்டினார். மெலிந்ததற்குள் நான்கைந்து கம்பி. தடித்ததற்குள் தலைமுடி மாதிரி எத்தனையோ கம்பி, படத்துக்கென்றே தனியாக. சுப்ஹானல்லாஹ் என்றேன். இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலாவது இப்படி ஏதாவது நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன். முதலில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஸஜ்தாவில் நான் கேட்டது வெளிச்சம். ரப்பு எனக்குக் கொடுத்தது ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நடக்கும் தெம்பையும் அவனே கொடுத்தான். அது அவன் பதில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன். எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன். சின்ன விஷயம் என்று கூச்சப்பட்டு எதையும் அவனிடம் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்னால் இருப்பதை நன்றாகப் பாருங்கள். உங்கள் வீட்டில் பேச முடியாத ஒருவர் இருந்தால், என் கணவருக்காகத் துஆ செய்வதற்கு முன்னால், போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆனாலும் உட்காருங்கள்.

எல்லாப் புகழும் இறைவனுக்கே. இரண்டு மணிக்கு அவருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். அவர் பசியோடு இருப்பார். நான் போய் வருகிறேன்.