சிறுமி பகல் முழுவதும் தூங்கினாள்

எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு இரண்டு கதவு. உள்ளே மரக்கதவு, வெளியே இரும்பு கிரில். பள்ளி விடுமுறையில் பிள்ளையை உள்ளே விட்டு, கிரிலை வெளியே பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது இங்கே ஒன்றும் புதிதில்லை. பதினோராவது மாடியில் மட்டும் மூன்று பேர் அப்படிச் செய்தோம். மற்ற இருவரும் பெற்றவர்கள். நான் வந்தவள்.

என் கணவரை நான் கட்டிக்கொண்டபோது அவருடைய முதல் மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளுக்கு ஏழு வயது. என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டாள், சொன்னதைக் கேட்டாள், சோற்றில் வெங்காயத்தை மட்டும் ஒதுக்கினாள். அவளோடு எனக்குச் சிக்கலே இல்லை. சிக்கலெல்லாம் ஊரோடுதான். பெற்றவள் அடித்தால் கண்டிப்பு, வந்தவள் அதட்டினாலே கொடுமை. பெற்றவள் பாசார் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தால் ஐயோ பாவம் என்பார்கள். நான் தொலைத்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பூட்டினேன். அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்ற பயம் பாதி, என் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம் மீதி. எந்தப் பாதி பெரியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறவர். நான் ஒரு பல் மருத்துவரிடம் முகப்பு மேசையில் உட்காருகிறேன். காலை எட்டரைக்குப் பூட்டினால் மூன்று மணிக்குத் திறப்பேன். மேசையில் சோறு மூடி வைத்திருப்பேன். நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களுக்குத் தேதி எழுதிக் கொடுத்துக்கொண்டே கைப்பையில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். உள்ளே இருந்தது அவள்தான் என்றாலும் எனக்கும் மூச்சு முட்டியது.

அவளுக்குப் பத்து வயதான ஆண்டு, ஒரு விடுமுறையில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்தது. நான் வந்தபோது எல்லாம் அணைந்து, சுவர் மட்டும் கறுத்திருந்தது. யாருக்கும் காயமில்லை என்றார்கள். ஓடிப்போய்த் திறந்து, பயந்தாயா என்று கேட்டேன். தூங்கிவிட்டேன் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி எங்கள் பூட்டைக் காட்டி அவருடைய ஹொக்கியன் மொழியில் வேகமாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த ஹொக்கியன் மீன் வாங்க மட்டும்தான் போதும். தலையை ஆட்டிச் சிரித்து வைத்தேன். மறுநாளும் பூட்டினேன்.

அடுத்த விடுமுறையில் கையும் களவுமாக மாட்டினேன். இறந்துபோன முதல் மனைவியின் அக்கா கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கிறார். பிள்ளைக்குப் பெரியம்மா. பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஃபெரியில் வந்திருக்கிறார். கிரிலில் பூட்டு. பிள்ளைக்கு முறுக்கைக் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு, நான் வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கும் வாய் உண்டு. ஆனால் அவர் மெதுவாகப் பேசினார்.

“நான் உன்னக் கேக்கப் போறதில்ல. புள்ள வாயால ஒரே ஒரு குறை வரட்டும், அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்.”

பிள்ளையிடம் கேட்டார். டிவி பார்த்தேன், தூங்கினேன், பயமே இல்லை என்று அவள் சொன்னாள். மாலையில் வந்த கணவர் வழக்கம்போல எங்கள் இருவர் பேச்சுக்கும் தலையாட்டினார். அன்றிலிருந்து நான் பூட்டவில்லை. கையில் மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் போட்டேன். ஆனாலும் பெரியம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டே விசாரிப்பார். நான் சமையலறையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஒரு பிள்ளையின் வாயில் என் குடித்தனம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் கதை சொல்லும் போட்டி வந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் மேடை ஏறுவார்கள், கதையை வீட்டில் பெரியவர்கள்தான் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை அதை ஒரு வரி பிசகாமல் மனப்பாடம் செய்ய வேண்டும். கடைசியில் நீதி சொல்ல வேண்டும். நீதிக்குத் தனி மதிப்பெண்.

கோபுரத்தில் ஒரு சிறுமியைப் பூட்டி வைத்த சூனியக்காரியின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் அதைத் திருப்பிப் போட்டேன். என் கதையில் சூனியக்காரிதான் நாயகி. கோபுரத்துக்கு வெளியே ஓநாய்கள். அவள் தினமும் உயிரைப் பணயம் வைத்துக் காட்டுக்குப் போய் உணவு கொண்டுவருகிறாள். பூட்டுவது அன்பால்தான். ஊர் அவளைக் கொடியவள் என்று தூற்றுகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றுகூட ஓரிடத்தில் சேர்த்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வேறு யார் எனக்காக வாதாடப் போகிறார்கள்?

மனப்பாடம் செய்யும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள். சூனியக்காரி காட்டுக்குப் போனதும் அந்தச் சிறுமி என்ன செய்வாள்?

“தூங்குவா லா. அப்படித்தானே எழுதியிருக்கு” என்றேன்.

அவள் தாளைப் பார்த்து வாசித்தாள். சிறுமி பகல் முழுவதும் தூங்கினாள்.

போட்டியன்று என் கறுப்புத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு மேடை ஏறினாள். பெரியம்மா எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். ஓநாய் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தினாள், சூனியக்காரி நடக்கும் இடத்தில் முதுகைக் கூனினாள். நான் உதட்டை அசைத்து எல்லா வரிகளையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுமி தூங்கும் வரி வந்தது. அவள் நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, அந்த வரியை மறுபடி உதட்டால் அசைத்துக் காட்டினேன். பிறகு, தாளில் இல்லாததைச் சொன்னாள்.

“ஒரு நாள் புகை வந்தது. சிறுமி கதவை ஆட்டினாள். கதவு திறக்கவில்லை. எதிரே இருந்த பாட்டி கம்பி வழியாகக் கையைக் கொடுத்தார். புகை போகும்வரை சிறுமி அந்தக் கையை விடவில்லை. சூனியக்காரி ஓடி வந்தாள். தூங்கிவிட்டேன் என்று சிறுமி சொன்னாள். உண்மையைச் சொன்னால் சூனியக்காரியைத் திட்டுவார்கள் அல்லவா?”

அதற்குமேல் என் தாளில் இருந்தபடியே சொல்லி முடித்தாள். பூட்டும் கையே காக்கும் கை என்ற என் நீதியையும் பிசகாமல் சொன்னாள். கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று கதை கட்டியவள் நான். இத்தனை மாதமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தப் பத்து வயதுப் பிள்ளை.

வெளியே பந்தலில் மீகூன் சேமியா கொடுத்தார்கள். பெரியம்மா என் தோளைத் தொட்டார். கண் சிவந்திருந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார். புகை வருகிற இடத்தில் தனக்கு அழுகையே வந்துவிட்டதாம். இப்படி எழுதத் தெரிந்தவளுக்குப் பிள்ளையின் மனம் தெரியாமல் இருக்குமா, நான்தான் கோபத்தில் ஏதோ பேசிவிட்டேன், பிள்ளை உன்னிடமே இருக்கட்டும் என்றார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. பிள்ளை தட்டோடு பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருங்கள் என்று அந்தக் கண் சொன்னது. இன்னும் எத்தனை வருடம் இவள் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தேன்.

“அந்த எடம் நான் எழுதலக்கா” என்றேன். “அது கதையில்ல. நடந்தது.”

பெரியம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பிள்ளையின் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தார். குறை தெரிந்தால் அன்றைக்கே கூட்டிப் போவேன் என்று சொன்னது சொன்னதுதான் அவருக்கு. அது எனக்கும் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்.

பிள்ளை என்னிடம் திரும்பினாள். அவள் குரலில் அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

“நானே சொல்லல. நீங்க ஏன் சின்னம்மா சொன்னீங்க?”

நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. என் துப்பட்டாவைக் கழற்றி, நாலாக மடித்து, நீட்டிய கையில் வைத்துவிட்டுப் பெரியம்மாவின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.