சத்தமில்லாத மீன் வண்டி

"உங்கண்ணன் வண்டியப் பிரிச்சு வாசல் பூரா பரப்பி வச்சுக்கிட்டு மூணு நாளா பேசாம உக்காந்திருக்காராம்ணே. புத்தி பெசகிப் போச்சுன்னு பேசிக்கிறாங்களாம்."

மஸ்கட்டில் என்னோடு ஒரே அறையில் இருக்கும் கார்முகில் சொன்னான். அவனுக்குச் சொன்னது அறந்தாங்கியில் இருக்கும் அவன் மனைவி. அவளுக்கு யார் சொன்னார்களோ.

வாசலில் கிடந்தது ஒரே ஒரு சைலன்சர். அண்ணன் பேசாமல் இருப்பதும் மூன்று நாளாக அல்ல, ஏழு மாதமாக.

அண்ணன் செபமாலை மணமேல்குடியில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பெட்டி கட்டி, அறந்தாங்கிப் பக்கத்து ஊர்களில் விற்பவர். பின்னால் அண்ணி வேளாங்கண்ணி உட்கார்ந்து வருவார். கூவுவது அண்ணியின் வேலை. "சங்கரா, நெத்திலி" என்று தெருமுனையில் குரல் கொடுத்தால் கடைசி வீட்டில் சட்டியோடு வந்து நிற்பார்கள். ஏழு மாதத்துக்கு முன் அண்ணி காய்ச்சலில் போய்விட்டார். நான் ஐந்து நாள் லீவில் போய்த் திரும்பினேன்.

அதற்குப் பிறகும் அண்ணன் விற்றார். கூவவில்லை. உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் தின்று சைலன்சரில் ஓட்டை விழுந்திருந்தது. அந்தச் சத்தம் கேட்டே பெண்கள் வெளியே வந்தார்கள். ஓட்டை பெரிதாகி, புகை வலது பெட்டிக்குள் போக ஆரம்பித்தது.

"ஏண்ணே, மீனச் சுட்டே கொண்டாந்துட்டீங்களா? பொகை நாறுது" என்று இருளாயி திருப்பிக் கொடுத்தார். பழைய வாடிக்கை. அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

அண்ணன் பட்டறைக்குப் போகவில்லை. "போனா அவளப் பத்தி விசாரிப்பாங்கடா" என்றார். புது சைலன்சர் வாங்கி வந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை. துருப்பிடித்த நட்டுகள் டீசலில் ஊறி அசையவே இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. போனை வாளியில் சாய்த்து வைத்து வீடியோ காலில் கூப்பிட்டார். நான் சைலன்சர் மாட்டும் இங்கிலீஷ் வீடியோ ஒன்றைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எஞ்சின் பக்கம் ரெண்டு நட்டு, கால் வைக்கிற எடத்துல ஒரு போல்ட். அவ்வளவுதாண்ணே."

"ம்."

"இப்ப எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவுல புது வளையத்த வச்சு மாட்டுங்க."

மாட்டினார். கிக்கரை உதைத்தார். எஞ்சின் வாயிலேயே பட்பட்டென்று புகை சீறியது. வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டுமாம். அந்த வரியை நான் தாண்டியிருந்தேன். சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் மறுபடி கழற்றி, கருகிப் போன பழைய வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, மறுபடி மாட்டினார்.

"ஓடுதா? கேக்குதா?" என்றார்.

"ஒண்ணும் பெருசா கேக்கலண்ணே."

"அப்ப சரி."

சனிக்கிழமை பாதி மீன் திரும்பி வந்தது. வண்டி வந்தது யாருக்கும் தெரியவில்லை. ஹார்ன் அடித்திருக்கிறார். இருளாயி எட்டிப் பார்த்து, "ரொட்டி வண்டின்னுல்ல நெனச்சேன்! வாயத் தொறந்து ஒரு கொரல் குடுத்தா என்னண்ணே, முத்தா உதிந்துரும்?" என்றாராம். அன்று ராத்திரி போனில், செய்தி வாசிப்பதுபோல அண்ணன் இதைச் சொன்னார்.

"பழச மாட்டிறலாமாண்ணே?"

"பொகைக்கு வாங்க மாட்டாங்க."

"அப்ப கூவத்தான் வேணும்."

"கூவணும். என்னன்னுடா கூவுறது?" என்றார்.

"மீனுன்னு கூவுங்க."

"நாளைக்கும் யாரும் வரலைன்னா வண்டிய வித்துட்டு வீட்லயே கெடந்துர்றேன்."

அவர் சொன்ன 'நாளை' இன்றுதான். இங்கே ஆறு நாற்பது, அங்கே எட்டு பத்து. அண்ணனுக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருக்கிறேன். வண்டியை எடுத்திருந்தால் இந்நேரம் அவர் இருளாயியின் தெருவில் நிற்பார். வாய் திறந்து கூவிக்கொண்டிருந்தால் போன் சத்தம் கேட்காது. வீட்டில் படுத்திருந்தால் கேட்கும். கேட்டும் எடுக்காமல் படுத்திருக்கலாம்.

"எடுக்கலையாண்ணே?" என்றான் கார்முகில், பல் விளக்கிக்கொண்டே.

"ரிங் போகுது" என்றேன்.