புழு எண்ணும் உத்தியோகம்

மண்ணைத் தோண்டி, அதில் குடியிருக்கும் புழு பூச்சிகளை எண்ணுவதுதான் என் தொழில்; "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று யாராவது கேட்டதும் பேச்சை மாற்றுகிறவர்களே, நீங்கள் எல்லோரும் என் கூட்டாளிகள்; உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் விலங்கியல் படித்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் மலாயாவின் ஜொகூரில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மண்ணை ஆராயும் தற்காலிக வேலைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பால்மரத்தடியில் ஒரு சருகு கிடக்கக் கூடாது. எல்லாவற்றையும் கொத்திப் பெருக்கிவிடுவார்கள். சருகும் அதிலுள்ள பூச்சிகளும்தான் மண்ணுக்குச் சோறு போடுகின்றன என்று நான் வாதாடினேன். தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை எனக்காக ஒரு ஏக்கரைப் பெருக்காமல் விடச் சம்மதித்தார். பெருக்கினால் மண்ணில் உயிர் மிஞ்சாது என்பதை ஆறு மாதத்தில் நிரூபித்துக் காட்டு, இல்லாவிட்டால் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போ என்றார். எனக்கோ கூட்டல் கணக்கைப் பார்த்தாலே காய்ச்சல் வரும்.

புனல் வாங்கிய கதை

மேலே சல்லடையில் மண்ணைப் போட்டு விளக்கை எரியவிட்டால், சூடு பொறுக்காமல் பூச்சிகள் கீழே இறங்கி, புனல் வழியாகச் சாராயப் புட்டியில் விழும். அந்தப் புனல் வாங்க பெக்கோக்கில் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் போனேன். நல்லெண்ணெய்க்கா, மண்ணெண்ணெய்க்கா என்று கேட்டார். மண்ணுக்கு என்றேன். உடனே எழுந்து உள்ளே போனார். புனலோடு ஓர் இளநீரையும் கொண்டுவந்து வைத்தார்.

"முதல்ல இதக் குடிங்க தம்பி. இந்த ஊரு வெயிலு புதுசா வந்தவங்களுக்கு ஒத்துக்காது லா."

அஞ்சலையின் மரியாதை

ஒருநாள் சளி பிடித்துப் படுத்திருந்தேன். புல் வெட்டும் அஞ்சலையிடம், என் ஏக்கரிலிருந்து ஒரு கூடை மண் எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தாள். விளக்கேற்றி இரண்டு நாள் காத்திருந்தேன். புட்டியில் ஒன்றுகூட விழவில்லை. நான் சொன்னதெல்லாம் தப்போ என்று சந்தேகம் வந்தது.

அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன். சொன்ன இடத்தில்தான் எடுத்திருந்தாள். எடுத்த பிறகு புழுவையெல்லாம் பொறுக்கி எறிந்து, வெயிலில் காயவைத்து, மாவு மாதிரி சலித்திருந்தாள்.

"படிச்சவங்க கையால தொடுற மண்ணுங்கய்யா. புழுவும் பூச்சியுமாவா குடுப்பேன்?"

கங்காணி செய்த உபகாரம்

ஆறு மாதம் முடிகிற சமயத்தில் எனக்கு மலேரியா. பத்து நாள் கழித்து எழுந்து போய்ப் பார்த்தால் என் ஏக்கரைக் காணோம். சருகெல்லாம் போய், தரை மொட்டையாக இருந்தது. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மாரிமுத்து சிரித்துக்கொண்டே நின்றார். துரை பார்வையிட வரும்போது என் இடம் மட்டும் அசிங்கமாகக் கிடந்தால் எனக்குக் கெட்ட பேர் வருமே என்று, நான் படுத்த மறுநாளே ஆள் விட்டுக் கொத்திப் பெருக்கிவிட்டாராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. துரை வர இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது.

ஒரு மூலையில் மட்டும் சருகு மிஞ்சியிருந்தது. அங்கே ஒரு புற்று. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் பால் ஊற்றும் இடம் என்பதால் பக்கத்தில் மண்வெட்டி போட யாருக்கும் துணிவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். புற்றடியில் ஒரு கூடை, பெருக்கிய இடத்தில் ஒரு கூடை என்று எடுத்துவந்து இரண்டையும் விளக்கடியில் வைத்தேன்.

துரை வந்தார். புற்றடி மண்ணின் புட்டியில் பூச்சிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். அடுத்த புட்டியைத் தூக்கினார். வெறும் சாராயம்தான் இருந்தது. இந்த இடத்தைப் பெருக்கியது யார் என்று தமிழிலேயே கேட்டார். கங்காணி முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி சலாம் வைத்தார்.

"நம்ம வேலதான் தொரே! ஒத்தப் பூச்சி இருந்தாலும் என் மீசைய எடுத்துடுறேன்!"

அன்றைக்கே என் வேலை நிரந்தரமானது. ஆனால் ஆறு மாதம் நான் தொண்டை கிழியக் கத்தியும் துரைக்குப் புரியாததை ஒரே சலாமில் புரியவைத்த மாரிமுத்துவுக்குத்தான் நியாயப்படி அந்த உத்தியோகம் போயிருக்க வேண்டும்.