பங்களாவுக்குக் குடம் பிடித்துப் போனது

இந்தத் தை பிறந்தால் எனக்கு எழுபத்தெட்டு. வளர்த்து ஆளாக்கியது ஆறு பிள்ளைகள். அது போக, தாயில்லாமல் போன கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டுக்கும் என் கைச்சோறுதான். ஆக எட்டு என்று எழுதுகிறேன், யாரும் மறுத்துப் பேச இப்போது உயிரோடு இல்லை. படிப்பு, மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எழுதுவது அதைவிடப் பையத்தான் நடக்கும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது வாசிக்கட்டும்.

என் பேரன்மார் லீவு விட்டால் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். பாபநாசத்தில் அருவியில் குளித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சோற்றுக்கு வந்து நிற்கிறார்கள். அதே பாபநாசத்துக்கு நாங்கள் போன கதை வேறு. அதற்கு ஒரு மாதம் யோசனை நடந்தது.

சீமையில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டியதாகச் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த கோடை அது. என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் வாத்தியார். அவருடைய பள்ளிக்கூடத்துப் பெரிய துரை கோடை வந்தால் மலையடிவாரத்துப் பங்களாவில் போய்த் தங்குவார். தூண்டில் போடுவார், காட்டுக்குள் நடப்பார், நாற்காலி போட்டு மலையைப் பார்ப்பார். சிவந்த முகத்தோடு போய் இன்னும் சிவந்த முகத்தோடு வருவார். அதற்குக் காற்று மாற்றம் என்று பெயர். அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கும் காற்று மாற வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவர் உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மியில் ஒட்டிய துவையல்தான் எனக்கு மிஞ்சும்.

காட்டிலாகா ஆபீசில் அவருக்கு ஒரு குமாஸ்தா சிநேகிதர் இருந்தார். அவர் மேலே சொல்லி, பாபநாசத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் பங்களாவில் ஒரு வாரம் தங்க உத்தரவு வாங்கிவிட்டார். ஒரே நிபந்தனை: துரை யாராவது வந்தால் உடனே காலி பண்ணிவிட வேண்டும்.

"காலி பண்ணிட்டு எங்கனப் போவிய?" என்று என் மாமியார் கேட்டார்.

"பங்களாவச் சுத்தி மரம் நிறைய இருக்கு அத்தே" என்றார் குமாஸ்தா.

"மரத்தடியில இருக்கதுக்கு இங்கன வேம்பு இல்லையா? இதுக்கு உத்தரவும் வேண்டாமே."

மாமியார் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. போகிறவர்கள் என் வீட்டுக்காரர், குமாஸ்தா, என் மாமனார் மூன்று பேர் என்று முடிவாயிற்று. மாமனார் உபதேசியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரசங்கம் பண்ணுவது மட்டும் ஓயவில்லை.

நான் பிறந்தது சீவலப்பேரி. சிற்றாறு வந்து தாமிரவருணியில் விழுகிற இடம். கலியாணமாகி ஆற்றுக்கு எதிராக மேலே ஏறி வந்து, வண்ணார்பேட்டைத் துறையில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினேன். கொல்லையில் துணி காயப்போடும்போது மேற்கே மலை தெரியும். மழை விட்ட நாளில் கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் இருக்கும். இந்தத் தண்ணீர் அங்கே எப்படித்தான் இறங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. கலியாணமான முதல் வாரத்தில் அவரிடம் சொன்னேன். கூட்டிப் போகிறேன் என்றார். அப்புறம் இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று. அதனால் உத்தரவு வந்த அன்று நானும் வருகிறேன் என்றேன்.

"ஏட்டி, பங்களாவுல பொம்பளைக்கு என்ன சோலி? துரைசானியா நீ?" என்றார்.

"நீங்க துரையா?" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகிறவர்கள் கணக்கு மட்டும் மூன்றாகவே நின்றது.

பிறகு யோசனை தொடங்கியது. சாயந்தரம் ஆனால் மூன்று பேரும் பாயை விரித்து உட்காருவார்கள். நான் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் தொப்பி பற்றிப் பேசினார்கள். இரண்டாம் நாளும் தொப்பிதான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தொப்பி இரவல் கிடைத்தது. யார் எந்த நேரம் போடுவது என்று முறை வைத்தார்கள். தூண்டில் வாங்கினார்கள். மூன்று பேரில் ஒருவரும் அதுவரை மீன் பிடித்ததில்லை. சந்தையில் விலை பேசிப் பிடித்ததோடு சரி. பங்களாவில் இருக்கும் சமையல்காரன் ரொட்டியும் கோழிச் சாறும்தான் செய்வான் என்று குமாஸ்தா சொன்னார். மாமனாருக்கு முகம் செத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை தேங்காப்பால் சொதி இல்லாம எப்படிலே?"

அதிலிருந்து மூட்டை வளர்ந்தது. அரிசி, பயறு, தேங்காய், வற்றல், கருவாடு. அரைக்க அம்மி வேண்டும் என்றார்கள். தேங்காய் துருவி, சுளகு, இடியாப்ப உரல், ஓலைப்பாய், மாமனார் சாய்ந்துகொள்ளும் பலகை. எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்து வைத்தபோது மாமியார் சுற்றி வந்து பார்த்தார்.

"காத்து மட்டுந்தான் மாறும் போல இருக்கே. மத்ததெல்லாம் இங்க உள்ளதுதான?" என்றார்.

இவ்வளவும் ஆன பிறகுதான் தண்ணீர்ப் பேச்சு வந்தது. மாமனார் ஒரு காலத்தில் மதுரைக்குச் சபைக் கூட்டத்துக்குப் போய், அங்கே தண்ணீர் குடித்து, வயிற்றால் போய்ப் படுத்துக் கிடந்தவர். அன்று முதல் வண்ணார்பேட்டைத் துறைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் தொடமாட்டார். மகள் வீட்டுக்குப் போனாலும் செம்பில் கொண்டுபோவார். அங்கே சம்பந்தியார் முகம் போகிற போக்கைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

"தண்ணிக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டார்.

"அங்க ஆறு ஓடுது பெரியவரே. பங்களாவே ஆத்தங்கரையிலதான்" என்றார் குமாஸ்தா.

"எந்த ஆறு?"

"தாமிரவருணிதான்."

"அது அந்த ஊருத் தாமிரவருணி. எனக்கு ஒத்துக்கிடாது. குடத்துல கொண்டுபோவோம்."

நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். குமாஸ்தா எத்தனை குடம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர், பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவர், நதிகள் உற்பத்தியாகும் இடத்தைப் பிரம்பால் தொட்டுக் காட்டுகிறவர், பித்தளைக் குடமா செப்புக் குடமா என்று யோசித்தார். அப்பாவிடம் எதிர்த்துப் பேசுகிற பழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது. பூகோளம் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி.

அம்பாசமுத்திரம் வரைக்கும் ரயில் இருந்தது. அதுவும் குடத்தால் கெட்டது. ரயில் பெட்டியில் எவனாவது குடத்தில் காலை வைப்பான் என்றார் மாமனார். ஆகவே மாட்டுவண்டி. சாமானுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. ஆட்கள் வண்டியில் நாலாவது ஆளுக்கு இடம் இருந்தது. அப்படி ஒரு இடம் கிடைக்காதா என்றுதான் நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு காப்பி போட்டேன். அந்த இடத்தில் இப்போது மூன்று குடம் வைப்பதாகத் தீர்மானித்தார்கள். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். எனக்குப் பதிலாக ஆறே வண்டியேறிப் போகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குக் காப்பியில் கருப்பட்டி போடவில்லை. யோசனை மும்முரத்தில் அதையும் யாரும் கவனிக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தார்கள். குடங்களை நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, வண்டியில் வைத்துக் கோயில் தெருவைச் சுற்றி வந்தார்கள். குடம் சாயாமல் பிடித்துக்கொள்ளக் குமாஸ்தா உட்கார்ந்தார். பங்களாவுக்கென்று தைத்த புதுக் கால்சட்டையை அன்றே போட்டுப் பார்த்திருந்தார். தெரு முக்கில் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. வண்டி திரும்பி வந்தபோது ஒரு குடம் காலி, ஒரு குடம் அரை. குமாஸ்தா இறங்கவே இல்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, இங்கனயே முங்கிட்டியளா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

மாமனார் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். சாவு வீட்டில் பார்ப்பது போல் பார்த்தார். "அப்படின்னா நான் வரல. நீங்க போங்கலே" என்றார். அவர் வராவிட்டால் மற்றவர்களும் போக முடியாது. ஒரு மாத யோசனை அந்தத் தெருவிலேயே நின்றது.

அப்போது நான் இடுப்பில் கைப்பிள்ளையோடு வாசலுக்கு வந்தேன்.

"மாமா, தெனமும் துறையில இருந்து வீடு வரைக்கும் குடம் வருதே, ஒரு சொட்டு சிந்தியிருக்கா?"

"இல்ல."

"அது யாரு கொண்டாருதா?"

மாமனார் என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். "ஏலே, இவ குடம் பிடிக்கட்டும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு முகம் சிறுத்தது. "பங்களாவுக்கு எவனாவது பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போவானாப்பா? கேட்டாச் சிரிக்க மாட்டாவளா?"

"பொண்டாட்டிய யாருலே கூட்டிட்டுப் போறா? தண்ணியக் கொண்டுபோறோம். அதுக்கு ஒரு ஆளு."

நான் ஆளானேன். எனக்கு அதில் ஒரு குறைச்சலும் இல்லை. மூத்த பிள்ளையை மாமியாரிடம் விட்டேன். "போயிட்டு வா. கல்லுல பாசி இருக்கும், பார்த்துக் கால வையி" என்றார். குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மாமனார் வண்டிக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணினார். மாட்டுக்கு, சக்கரத்துக்கு, வழியில் உள்ள பாலங்களுக்கு, குடங்களுக்குத் தனித்தனியாக. அவர் ஆமென் சொல்வதற்குள் ஒரு மாடு படுத்துவிட்டது. அதை எழுப்பிப் புறப்பட்டோம்.

மடியில் பிள்ளை, முழங்காலுக்கு நடுவில் ஒரு குடம், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வழி நெடுக, மரங்கள் விலகிய இடத்தில் எல்லாம் ஆறு தெரிந்தது. நாங்கள் மேற்கே போக அது கிழக்கே போனது. வண்டி நின்ற இடங்களில் மாடுகள் அதில் இறங்கி வயிறு முட்டக் குடித்தன. அவற்றுக்கு எந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொண்டது. மாமனார் என் குடத்திலிருந்து ஒரு டம்ளர் வாங்கி, ஆற்றைப் பார்த்தபடி குடித்தார்.

இடையில் சாவடியில் தங்கி, அடுத்த நாள் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். காவற்காரர் சாமான் இறக்க வந்தார்.

"இது என்ன குடம்மா, எண்ணெயா?"

"தண்ணி."

"எங்கனத் தண்ணி?"

"தாமிரவருணி" என்றார் என் மாமனார்.

காவற்காரர் திரும்பினார். பங்களாவுக்குப் பின்னால் ஆறு கல்லில் விழுந்து கத்திக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "சரிங்க ஐயா. பத்திரமா உள்ள வைக்கேன்" என்றார். அரசாங்க வேலை பார்க்கிறவர். எத்தனையோ துரைமாரைப் பார்த்த மனுஷர்.

தூண்டில் போட்டவர்களுக்கு ஒரு மீனும் விழவில்லை. தொப்பிதான் விழுந்தது, ஆற்றில். நான் பிள்ளையைக் காவற்காரர் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு, கண்டாங்கிச் சேலையை வரிந்து கட்டி, அருவிக்குக் கீழே போய் நின்றேன். தலையில் அறைந்த தண்ணீரில் ஊர் உலகம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே பார்த்தேன். பாறை, அதற்கு மேல் காடு, அதற்கு மேல் மஞ்சு. அங்கிருந்துதான் இறங்கியது. நான் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்த இடம். இதைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

புறப்படுகிற நாளுக்கு முன்பே குடங்கள் காலியாகிவிட்டன. மாமனார் காலையில் இருந்து பொறுத்துப் பார்த்தார். மத்தியானம் ஆற்றுத் தண்ணீரை ஒரு டம்ளரில் கொண்டுவரச் சொல்லி, நாக்கில் வைத்து யோசித்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

"பரவாயில்ல. கொஞ்சம் பச்சைத் தண்ணியா இருக்கு. நம்ம துறைக்கு வந்து சேருகதுக்குள்ள பக்குவமாயிரும்" என்றார்.

இனிப் பிடிக்கத் தண்ணீர் இல்லையே, காலிக் குடங்களைச் சாமான் வண்டியில் போட்டுவிட்டு என்னை ரயிலில் ஏற்றலாம் என்று என் வீட்டுக்காரர் தொடங்கினார். நான் விடவில்லை. மலையில் மூலிகை வேரில் பட்டு வருகிற தண்ணீர் என்று தெருவில் எல்லோரும் கேட்டிருக்கிறார்களே மாமா, வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்குமா என்றேன். யாரும் கேட்கவில்லை என்று மாமனாருக்கும் தெரியும். ஆனாலும் குடம் நிரம்பியது. மூன்று குடத் தாமிரவருணியை வண்டியில் வைத்து, தாமிரவருணிக் கரையோடு வண்ணார்பேட்டைக்குக் கொண்டுவந்தோம். ஆறு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். தெருவில் ஆளுக்கு ஒரு செம்பு கொடுத்தோம். கண்ணில் ஒற்றிக் குடித்தார்கள். நம்ம துறைத் தண்ணீர் போல் வராது என்றும் சொன்னார்கள்.

அடுத்த கோடையில் பங்களா யோசனை தொடங்கிய அன்றே, முதலில் குடத்தை எடுத்து முற்றத்தில் வைத்தவள் நான்தான். அப்புறம் ஒருவரும் என் இடத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஏளா பேத்தி, கைவேலையை வைத்துவிட்டு இங்கே வா. என் கண்ணுக்கு என் எழுத்தே பிடிபடவில்லை. தொடக்கத்திலிருந்து சத்தமாக வாசி, பைய வாசி. தாத்தா பூகோளம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வந்தால் இருமல் வந்துவிடும்.