முழங்காலுக்குக் கீழே

இந்த வருஷம் ஃபிப்ரவரியிலே இருந்து எங்க வீட்டுக்காரர் தியோடர், சாயங்காலம் ஆனா மெழுகுவத்தி ஏத்திக்கிட்டு வீடெல்லாம் சுத்த ஆரம்பிச்சார். சும்மா சுத்தினா பரவாயில்லை. குனிஞ்சு, சுடரை முழங்காலுக்குக் கீழே பிடிச்சுக்கிட்டு, கட்டிலுக்கு அடியிலே, பாத்ரூம் மூலையிலே, அரிசி டிரம்முக்குப் பின்னாடியெல்லாம் நீட்டி நீட்டிப் பார்ப்பார். சுடர் ஒழுங்கா எரிஞ்சா ஒரு பெருமூச்சு, அப்புறம் அடுத்த ரூம். என்ன தேடுறீங்கன்னா அடுத்த மூலைக்குப் போயிடுவார். கல்யாணமாகி பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்து இருபத்தாறு வருஷம், இந்த ஆளை எனக்குத் தெரியாதா? நான் பயந்தா திட்டுவேன், அது என் சுபாவம். வாய் வலிக்கத் திட்டினேன். ஃபாதர்கிட்டே கூட்டிட்டுப் போனேன். அவர் தலையிலே கை வச்சு ஜெபிச்சுட்டு, எதுக்கும் பிபி செக் பண்ணிடுங்கம்மான்னார்.

எங்க வீட்டுக்காரர் வேலையைச் சொன்னாத்தான் இது புரியும். பொம்மசந்திராவிலே ஒரு ஃபேக்டரியிலே வெல்டரா இருந்தவர். பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி, தொட்டபள்ளாபுரம் தாண்டி ஒரு பிரெஞ்சுக்காரர் ஒயின் தோட்டத்துக்கு ஸ்டீல் தொட்டி வெல்டிங் பண்ணப் போனார். நாலு நாள் வேலைன்னு போன மனுஷன் அங்கேயே நின்னுட்டார். முதலாளி பேர் எரிக். அவங்க ஊர்லே நாலு தலைமுறையா வெள்ளை ஒயின் மட்டுமே போடுற குடும்பம். அப்பா, அக்கா, அத்தை பசங்க எல்லாருக்கும் அங்கே அதே வேலை. எரிக் சார் மட்டும் பெங்களூர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டு இங்கேயும் அதையே ஆரம்பிச்சார். யாராவது சிவப்பு ஒயின் கேட்டா, எங்க குடும்பத்துலே அந்தப் பழக்கம் இல்லைன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிடுவாராம்.

தொட்டிங்க எல்லாம் பூமிக்கு அடியிலே, பதினெட்டுப் படி கீழே. மார்ச்சிலே திராட்சைச் சாறு நுரைச்சுப் பொங்குறப்போ நான் ஒரு தடவை இறங்கிப் பார்த்திருக்கேன். ஆளே இல்லாத இடத்துலே பத்துப் பேர் வாய்க்குள்ளேயே பேசிக்கிற மாதிரி ஒரு சத்தம். நல்ல குளிர், ஆனா எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு. சாறு பொங்குறப்போ ஒரு வாயு கிளம்பி, அந்த மாசத்துலே கீழே காத்து கெட்டுப்போகுமாம். அதனாலே ஃபேன் ஓடினாலும் சரி, கையிலே மெழுகுவத்தி இல்லாம யாரும் இறங்கக் கூடாதுன்னு எரிக் சாரோட தாத்தா காலத்துச் சட்டம். எரிஞ்சா வேலையைப் பாரு, அணைஞ்சா திரும்பிப் பார்க்காம ஏறிடு.

போன வருஷம் மார்ச்சிலே எரிக் சாரோட அப்பா அவங்க ஊர்லே தவறிப்போயிட்டார்னு சார் கிளம்பிட்டார். இங்கே நிலவறையைப் பார்த்துக்க எங்க வீட்டுக்காரரும் முனியப்பனும். முனியப்பன் அத்திபெலேக்காரர், பீடியைத் தவிர ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரு நாள் காலையிலே பத்து மணிக்கு, தொட்டிக்கு அடியிலே வால்வைத் துடைக்கக் குனிஞ்சவர் எழுந்திரிக்கவே இல்லை. எங்க வீட்டுக்காரர் போய்ப் பார்த்தா ஆள் தரையிலே குப்புறக் கிடக்கார், மெழுகுவத்தி மட்டும் சுவத்து மாடத்துலே ஆரோக்கிய மாதா படத்துக்கு முன்னாடி நிம்மதியா எரிஞ்சுக்கிட்டு இருக்கு.

அதான் எல்லாரையும் ஆட்டிடுச்சு. சுடர் எரியுதே, அப்போ காத்து நல்லாத்தானே இருந்திருக்கு? மனுஷனை அமுக்கினது வேற ஏதோன்னு பேசிக்கிட்டாங்க. திருட்டுத்தனமா ஒயின் குடிச்சிருப்பான்னுகூட ஒருத்தன் சொன்னான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எரிக் சார் திரும்பி வந்து குழந்தை மாதிரி அழுதார். முனியப்பன் சம்சாரம் சொர்ணத்துக்கு பாட்டில்லே லேபிள் ஒட்டுற வேலை கொடுத்தார்.

இந்த மார்ச்சிலே வருஷம் திரும்பிச்சு. புருஷன் உயிர் விட்ட இடத்துலேயே படையல் போடணும்னு சொர்ணம் கேட்டா. எரிக் சார் சரின்னுட்டு, தியோடர் முதல்லே போய் ஒரு மணி நேரம் ஃபேன் ஓட்டட்டும், அப்புறம் இறங்கலாம்னார். படையலுக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்த எங்க வீட்டுக்காரர் சோறு தொடலை. நேரா மெழுகுவத்தியை எடுத்தார். எனக்கு வந்த கோவத்துலே பிடுங்கி ஊதி அணைச்சேன். அப்படியே தரையிலே உட்கார்ந்துட்டார்.

"பவுலின், அதைத் தரையிலே வைக்கணும். நான்தான் மாடத்துலே வச்சேன்."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கெட்ட காத்து கனமாம், தண்ணி மாதிரி தரையிலேதான் தேங்குமாம். அதனாலே இறங்கினதும் மெழுகுவத்தியைக் காலடியிலே வைக்கணும்னு எரிக் சார் சொல்லித்தான் வச்சிருக்கார். இவருக்கு மனசு கேக்கலை. மாதாவுக்கு ஏத்துற மெழுகுவத்தியை மிதிபடுற இடத்துலே வைக்கிறதான்னு, சார் ஊருக்குப் போனதும் படத்தை மாட்டி மேலே வச்சுட்டார். சத்தியமா சொல்றேன், நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா ஒரு வருஷமா வாயைத் திறக்காம இருந்திருக்காரே, அதைத்தான் என்னாலே தாங்க முடியலை. நாளைக்கு சொர்ணத்துக்கிட்டே சொல்லிடுங்க, நானும் வர்றேன்னேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனா, படி முகப்புலே சொர்ணத்தோட செருப்பு கிடக்கு. முதல் பஸ்ஸையே பிடிச்சு வந்துட்டா. ஃபேன் ஓடலை. உள்ளே இருந்து அந்த முணுமுணுப்புச் சத்தம் மட்டும் வருது.

எங்க வீட்டுக்காரர் விழுந்தடிச்சு இறங்கினார், பின்னாடியே நான் பாதிப் படி வரைக்கும். கீழே தரையிலே இலை, கருவாட்டுக் குழம்பு, ஒரு கட்டு பீடி, அணைஞ்ச அகல் விளக்கு. சொர்ணம் கடைசிக்கு ரெண்டு படி மேலே நின்னுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்துச் சிரிச்சா பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி ஒரு சிரிப்பு.

"மூணு தரம் ஏத்தினேன்க்கா, மூணு தரமும் அணைச்சுட்டாரு. வந்துட்டாரு."

சொல்லிக்கிட்டே அந்தத் தரையிலே நெத்தி பட விழுந்து கும்பிட இறங்கினா. எங்க வீட்டுக்காரர் அவ தோளைப் பிடிச்சு இழுத்தார். அவ திமிறினா, அவர் விடலை, தரதரன்னு மேலே கொண்டுவந்து வெயில்லே உட்கார வச்சார். மூச்சு வாங்கிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னார். விளக்கை அணைச்சது அந்தக் கெட்ட காத்தும்மா, உன் புருஷனைக் கொன்னதும் அதே காத்து, மெழுகுவத்தியை மேலே வச்சு அவனை ஏமாத்தினது நான்னு சொன்னார். அவ அடிப்பான்னு நான் நினைச்சேன். அடிச்சா தடுக்கக் கூடாதுன்னும் நினைச்சேன்.

அவ திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தா.

"அப்போ அவரு வரலையா அண்ணா?"

"இல்லை தங்கச்சி. வரலை."

புருஷன் செத்தன்னைக்கும் அழாதவள்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்போதான் அழ ஆரம்பிச்சா.